மூன்று பத்துக்கு வந்த தாள்

புள்ளியக்கா போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கடைசியாக வழியனுப்ப ஒன்பது பேர்தான் இருந்தோம். முப்பத்தோரு வருடம் இந்த ஊர் வக்கீல்களின் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். ஒரு கறுப்புக் கோட்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத வராது, நகலெடுக்கத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்துக்கு எதிர் வரிசையில், பத்தடிக்கு எட்டடி அறை. வெளிச்சம் விழும் முன்பக்கத்தில் அவளுடைய தட்டச்சு மேசை, பின்பக்கம் என் ஜெராக்ஸ் மிஷின். வாடகையில் ஆளுக்குப் பாதி. அவள் மிஷின் சத்தத்தில் என் காது போயிற்று, என் மிஷின் சூட்டில் அவள் முதுகு போயிற்று. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனாலும் தாளை உருவிக் கிழித்துப் போட்டு முதல் வரியிலிருந்து அடிப்பாள். அதைப் பார்த்து வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்த பெயர்தான் புள்ளியக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அப்பா மட்டும், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார்.

அவள் வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தாள். விஷயத்தை வாசிக்கவே மாட்டாள். "வாசிச்சா கை தடுமாறும் தம்பி. எழுத்தைப் பாரு, கதையைப் பார்க்காதே" என்பாள். விவாகரத்து மனுவோ, அண்ணன் தம்பி வெட்டுக்குத்தோ, குழந்தை யாரிடம் இருப்பது என்ற சண்டையோ, எல்லாம் அவள் கண்ணில் நுழைந்து விரலில் இறங்கிவிடும். நடுவில் எங்கும் தங்காது. தங்கவிட்டிருந்தால் அந்த நாற்காலியில் ஒரு வருடம்கூட உட்கார்ந்திருக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன்.

எண்களை மட்டும் விடமாட்டாள். தேதி, மணி, வயது, கதவு எண் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பாள். ஒருமுறை பெரிய வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்த மனுவைத் தூக்கிக் காட்டி, "சார், உங்க கட்சிக்காரர் பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே கல்யாணம் பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு வக்கீல்கள் தேதியைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டார்கள். அவளும் போகப்போகக் கேட்பதை நிறுத்திவிட்டு, தானே சரிசெய்து அடிக்க ஆரம்பித்தாள். யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிறகு எமனாக வந்து நின்றது.

எங்கள் அறையிலிருந்து நாலு கடை தள்ளிக் காவல் நிலையம். அங்கே எழுத்து வேலை பார்க்கிற காவலரை ரைட்டர் என்போம். நிலையத்துத் தட்டச்சு மிஷின் பாதி நாள் மக்கர் செய்யும். அவர் கையால் எழுதிக்கொண்டு வருவார், அக்கா அடிப்பாள், நான் நகல் எடுப்பேன், கையெழுத்துப் பிரதியை அவர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒல்லியான மனிதர், மரியாதையாகப் பேசுவார். நல்லவர் என்றே நினைத்திருந்தோம்.

அன்று செவ்வாய்க்கிழமை, பதினேழாம் தேதி. காலை பதினொரு மணிக்குப் போன மின்சாரம் சரியாக மூன்று மணிக்கு வந்தது. மிஷின் சூடேறுவதற்குள் ரைட்டர் இரண்டு பக்கத் தாளோடு வந்துவிட்டார். மணி மூன்று பத்து. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மிஷின் சூடேறப் பத்து நிமிடம் ஆகும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவசரம்க்கா" என்று தாளைக் கொடுத்துவிட்டு அவர் தெருவில் போய் நின்று புகை பிடித்தார்.

பதினாறாம் தேதி காலை விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட ஓர் ஆள், பதினேழாம் தேதி மாலை ஐந்து நாற்பதுக்குக் கழிவறையில் வழுக்கி விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ஆறு பத்துக்கு இறந்துவிட்டார் என்பது தாளில் இருந்த விஷயம். அக்கா அதை வாசிக்கவில்லை. எண்களை மட்டும் பார்த்தாள். நின்றாள்.

"இன்னைக்குத் தேதியைப் போட்டுச் சாயந்திரம்னு எழுதியிருக்கான் பாரு. இன்னும் சாயந்திரமே வரல. பதினாறுன்னு எழுதறதுக்குப் பதிலா பதினேழுன்னு எழுதிட்டான்" என்று என்னிடம் சொன்னாள்.

"அப்படித்தான் இருக்கும்க்கா" என்றேன். இதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

பதினாறு என்று திருத்தி அடித்தாள். ரைட்டர் உள்ளே வந்ததும், "தேதியைச் சரி பண்ணிட்டேன்ப்பா" என்றாள். "சரிக்கா, சரிக்கா" என்று அவர் காதில் வாங்காமலே தலையாட்டினார். அக்கா அடித்ததை யார் திரும்பப் படிக்கப்போகிறார்கள்? நான் மூன்று நகல் எடுத்தேன். தாள் சூடாக வெளியே வரும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: 'இறந்தவரின் மனைவிக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.' யாரோ பாவம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்தவருக்கு அடையாள அட்டை நகல் எடுத்துக் கொடுத்தேன். நாலு மணி சுமாருக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் டமாலென்று வெடித்தது. மறுநாள் மத்தியானம் வரை தெருவில் ஒரு பல்பு எரியவில்லை. அக்கா கடையைச் சாத்திக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போனாள்.

புதன்கிழமை தெருவே பேசியது. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒருவர், முப்பத்து நாலு வயது, முந்தின நாள் நிலையத்தில் செத்துப்போனாராம். பழுது பார்க்கப் போன வீட்டில் நகை காணாமல் போனதாகப் பிடித்து வந்தார்களாம். நாங்களும் உச்சுக்கொட்டினோம். அந்தத் தாளோடு முடிச்சுப் போட எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் தாளில் இருந்தவர் பதினாறாம் தேதி செத்தவர், இவர் பதினேழாம் தேதி செத்தவர். அக்காவின் திருத்தம் எங்கள் கண்ணையே கட்டிவிட்டது.

ஆறு நாள் கழித்து ரைட்டர் வந்தார்.

"ஒரு சின்னக் கையெழுத்துக்கா. அன்னைக்கு ரிப்போர்ட்ல தேதி தப்பா விழுந்திருச்சு. மேல கேக்கறாங்க. தட்டச்சுப் பிழைன்னு நீங்க எழுதிக் குடுத்தா முடிஞ்சுது."

"என் கையில தேதி தப்பா விழாதுப்பா. நீ பதினேழுன்னு எழுதியிருந்தே, நான்தான் பதினாறுன்னு திருத்துனேன்."

"அதான்க்கா தப்பு. பதினேழுதான் சரி."

"பதினேழு சாயந்திரம் அஞ்சு நாப்பதா?"

"ஆமாக்கா."

அக்கா மிஷினிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நீ அதைக் கொண்டாந்தது பதினேழு மத்தியானம் மூணு பத்துக்கு" என்றாள்.

ரைட்டரின் முகம் வெளுத்துவிட்டது. "இல்லக்கா. நான் வந்தது ராத்திரி."

"ராத்திரி கரண்டே இல்லையேப்பா."

பின்னால் மிஷின் மூடியைத் தூக்கிய நான் அதை மூட மறந்தேன்.  சாவதற்கு முன்னாலேயே சாவை எழுதி வைத்திருக்கிறார்கள். அடி தாங்கமாட்டான் என்று அவர்களுக்கு மத்தியானமே தெரிந்திருக்கிறது. பத்து நிமிட நடையில் மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் மருத்துவமனைக்குப் போகவில்லை, எங்களிடம் வந்தார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரே வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ரொம்ப அன்பாக, "அப்பா எப்படி இருக்காரு? பகல்ல வீட்டுல தனியாத்தானே கிடக்காரு?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தார். 'வேலை மிகுதியால் தேதியைத் தவறாக அடித்துவிட்டேன்.' அக்கா கையெழுத்துப் போட்டாள். நான் அப்போது உள்ளே டோனர் தேடிக்கொண்டிருந்தேன். டோனர் என் கையில்தான் இருந்தது.

அதோடு போயிருக்கும். நாங்களும் எல்லாரையும் போல வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளியிருப்போம். ஆனால் அடுத்த வாரம் அந்த மெக்கானிக்கின் மனைவி எங்கள் கடைக்கே வந்துவிட்டாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. ப்ளீச்சிங் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"மனு குடுக்கணும்க்கா. எனக்குச் சரியா எழுத வராது. சொல்றேன், அடிச்சுத் தர்றீங்களா?"

தாளைப் பார்த்து அடித்தால் கதையைத் தவிர்க்கலாம். காதால் கேட்டு அடித்தால் எப்படித் தவிர்ப்பது?

அவள் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். "செவ்வாய்க்கிழமை பன்னெண்டு மணிக்கு மாத்துச் சட்டையும் மாத்திரையும் எடுத்துட்டுப் போனேன். உள்ள விடல. வாசல்லயே உட்கார்ந்துட்டேன். ரெண்டரை மணிக்கு உள்ளேயிருந்து அவரு குரல் கேட்டுச்சு. தண்ணி கேட்டாரு. குடுத்தாங்களான்னு தெரியல."

மிஷின் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் வரியின் நடுவில் அது நின்று நான் கேட்டதில்லை.

"என்னக்கா, வேகமா சொல்றேனா?"

"இல்லம்மா. சொல்லு."

"ஏழரை மணிக்கு, வீட்டுக்குப் போ, காலையில வான்னு சொன்னாங்க. காலையில போனா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரிதான்க்கா. எனக்கு வழி சொல்றாங்க."

மனு முடிந்தது. அவள் கையெழுத்துப் போட்டு, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அக்கா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொன்னாள்.

விசாரணைக்கு ஒரு நீதிபதியைப் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் அக்கா அப்பாவைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். விட்டுவிட்டு வந்து என்னிடம், "நாளைக்குச் சொல்லப்போறேன்" என்றாள்.

"நமக்கெதுக்குக்கா வம்பு? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்திச் சொன்னா யாரு நம்புவாங்க?"

"என்னை நம்ப மாட்டாங்க. உன் மிஷினை நம்புவாங்க."

என் மிஷின் உருளையில் ஒரு கீறல் உண்டு. எந்தத் தாளை எடுத்தாலும் இடது ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு விழும். அதை மாற்றச் சொல்லி வக்கீல்கள் திட்டாத நாளில்லை. அந்தக் கோடு ரிப்போர்ட் நகலில் இருக்கும். அந்தத் தாள் அன்று ராத்திரி எட்டு மணிக்கே நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. நாலு மணிக்குப் போன மின்சாரமோ மறுநாள்தான் வந்தது. அப்படியானால் நகல் எடுத்தது நாலு மணிக்கு முன்னால். பிணப் பரிசோதனை செய்த டாக்டரோ உயிர் போனது ஏழு மணிக்கு என்கிறார். நாலும் மூன்றும் கூட்டத் தெரிந்தவனுக்கும் புரியும். ஆனால் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

நான் மழுப்பினேன். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றேன், கடை போய்விடும் என்றேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அதுவரை என்னைத் தம்பி என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

"மூணு பத்துக்கு அந்த ஆளு உயிரோட இருந்தான்டா. நம்ம ரெண்டு பேரு கையிலயும் இருந்தான்" என்றாள்.

போனேன்.

விசாரணை அறையில் அக்காவை நிற்கவைத்து இன்ஸ்பெக்டரின் வக்கீல் வறுத்தெடுத்தார். எத்தனை மனுவை அவளிடம் அடித்து வாங்கிப்போனவர்! "இந்தக் கடிதத்துல இருக்கறது உங்க கையெழுத்துத்தானே? இதுல பிழைன்னு ஒத்துக்கிட்டீங்க. இங்க இல்லேன்னு சொல்றீங்க. எதும்மா பொய்?"

"கையெழுத்துதான் பொய் சார். பயந்து போட்டேன்."

"மூணு பத்துக்கே அப்படி ஒரு தாள் வந்திருந்தா, படிச்ச உடனே யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்களே?"

"படிக்கல சார். அடிச்சேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். மெக்கானிக்கின் மனைவி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியும் அவள் பார்வை நகரவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நகலின் இடது ஓரத்தில் விழுந்திருந்த கறுப்புக் கோட்டைக் காட்டினேன். பாதி வார்த்தை எனக்கே கேட்கவில்லை. மின்வாரியத்திலிருந்து கடிதம் வரவழைத்தார்கள். மின்சாரம் நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் போய், மறுநாள் பன்னிரண்டு இருபதுக்கு வந்ததாக இருந்தது. "அப்படியானால் இந்த நகலை எப்போது எடுத்தீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். இன்ஸ்பெக்டர் தன் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் ரைட்டரைப் பார்த்தார், ரைட்டர் தரையைப் பார்த்தார்.

கடைசியாக டாக்டர் சாட்சி சொன்னார். மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அதைக் கேட்டதும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கு ஒன்பது வருடம் நடந்தது. இதற்கிடையில் கடைப் பலகையை இரண்டு முறை உடைத்தார்கள். போலீஸ் வேலை நின்றது. போலீஸோடு ஒட்டி உறவாடுகிற வக்கீல்களும் கம்பி நீட்டினார்கள். அக்காவின் அப்பா தங்கை வீட்டிலேயே காலமானார். வயதானவர்களின் விண்ணப்பம், தொலைந்துபோன சான்றிதழுக்கான மனு என்று சில்லறை வேலைகள்தான் மிஞ்சின. அவற்றை அடிக்கும் முன் அக்கா முழுக்க வாசித்தாள், வாசித்துவிட்டு வந்தவரிடம் நாலு கேள்வி கேட்டாள். ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் ஒன்றும் சொல்லமாட்டேன்.

தீர்ப்பு வந்தது. இன்ஸ்பெக்டருக்கும் இரண்டு காவலருக்கும் ஆயுள். ரைட்டருக்கு மூன்று வருடம். 'தன் தவறையும் மறைக்காத சாட்சி' என்று அக்காவைப் பற்றித் தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. பத்திரிகைக்காரர்கள் அவளைப் படமெடுக்க ஓடிவந்தார்கள். அவள் என் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் கூட்டம் கலைந்த பிறகு மெக்கானிக்கின் மனைவி எங்களை நோக்கி வந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு வாய்தாவிலும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கும் சேர்த்துச் சொல்வாள் என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படி.

"அக்கா, கோர்ட்டுல யாரும் கேக்கல. நான் கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அன்னைக்கு நான் ஸ்டேஷன் வாசல்ல உட்கார்ந்திருந்தேனே, நீங்க என்னைப் பார்த்தீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நான் மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"பார்த்தேம்மா. சாப்பிட்டுட்டுத் திரும்பி வரப்ப. மடியில நீலப் பை வச்சிருந்தே. நாலு மணிக்கு நான் கடையைச் சாத்திட்டுப் போறப்பவும் அங்கேயேதான் இருந்தே. இவ்வளவு வெயில்ல உட்கார்ந்திருக்காளேன்னு நினைச்சேன்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கு உட்கார்ந்திருக்கேன்னு கேக்கத் தோணலயா?"

"கேக்கலம்மா."

 அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. தோளில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா" என்றாள். "யாராவது கேப்பாங்கன்னுதான் அன்னைக்கு முழுக்க அங்க உட்கார்ந்திருந்தேன்."